முடிவில்லாத தாள்



இன்று காலை தங்கள் கைக்கு வந்த செய்தித்தாளில் ஓர் ஏட்டை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். கத்தரியால் வெட்டியதுபோல ஏறக்குறைய நேராகக் கிழியும். அதே ஏட்டை இடமிருந்து வலமாகக் கிழித்தால் கிழிசல் கோணிக் கோணி, ஓரிடத்தில் ஏறி மற்றோரிடத்தில் இறங்கி, நம் கைக்கு அடங்காமல் ஓடும். விறகு பிளப்பவர் மரத்தின் நாரோட்டம் பார்த்துக் கோடரியை இறக்குவார். காகிதத்துக்கும் அத்தகைய நாரோட்டம் ஒன்று உண்டு. அது இயற்கை தந்ததன்று. ஆலையில் காகிதக் கூழ் எந்தத் திசையில் ஓடிற்றோ அந்தத் திசையில் நார்கள் படுத்துக்கொண்டதால் உண்டான தடம் அது. கையால் செய்த நல்ல காகிதத்தில் இது அநேகமாக இராது.

இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்புவரை உலகில் இருந்த காகிதம் அனைத்தும் கையால் செய்ததே. ஒவ்வொரு தாளும் தனித்தனியே பிறந்தது. அந்த நிலை மாறி, ஒரு முனையில் கூழ் ஊற்ற மறுமுனையில் தாள் வந்துகொண்டேயிருக்கும் இடையறா ஓட்ட முறை எவ்வாறு வந்தது, அதற்கு யார் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இன்றைய பேச்சின் பொருள். இடையறா உற்பத்தி என்றவுடன் பலருக்கும் அமெரிக்காவின் ஹென்றி போர்டும் அவருடைய மோட்டார்க் கார்த் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். 1913-ஆம் ஆண்டில் ஹைலண்டு பார்க்கில் அவர் அமைத்த நகரும் வரிசை பெரும் புகழ் பெற்றது உண்மையே. ஆனால் காகித யந்திரம் அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. அன்றியும், காரின் உறுப்புகள் தனித்தனியாக இருந்து வரிசையில் கூடுகின்றன. காகிதத்திலோ பொருளே ஆறாக ஓடுகிறது.

முதலில் பழைய முறையைக் காண்போம். கந்தல் துணிகளை ஊறவைத்து, இடித்து, நீரில் கரைத்துக் கூழாக்கி ஒரு பெரிய தொட்டியில் நிரப்புவார்கள். தொட்டியருகே நிற்கும் தொழிலாளி, அடியில் கம்பி வலை பின்னிய மரச்சட்டத்தைக் கூழில் முக்கி எடுப்பார். எடுத்தவுடன் சட்டத்தை முன்னும் பின்னும், இடமும் வலமுமாக ஒரு குலுக்குக் குலுக்குவார். நீர் வடியும், நார்கள் நாற்புறமும் பின்னிக்கொள்ளும். அவருடைய திறமை முழுவதும் அந்தக் குலுக்கலில் இருந்தது. இரண்டாமவர் ஈரத்தாளைக் கம்பளித் துணியின்மேல் கவிழ்த்துவிட்டு, வெறுஞ் சட்டத்தைத் திருப்பித் தருவார். தாளும் கம்பளியும் மாறிமாறி அடுக்கப்பட்டு, அடுக்கு உயர்ந்ததும் அழுத்தியில் வைத்துப் பிழியப்படும். மூன்றாமவர் தாள்களைப் பிரித்தெடுப்பார். பிறகு அவை மாடியில் துணி உலர்த்துவதுபோல் கயிற்றில் உலர்த்தப்படும். எழுதும் மை பரவாமலிருக்க, உலர்ந்த தாளை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையில் தோய்த்து மறுபடியும் உலர்த்துவார்கள். மழைக்காலத்தில் உலர்த்தும் வேலை நாட்கணக்கில் நின்றுபோகும்.

இப்படிச் செய்த பொருள் அருமையாகத்தானே இருக்கும்! தமிழ் அச்சின் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்க் முதலிய ஜெர்மானியப் பாதிரிமார்கள் 1714, 1715-ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டபோது, அவர்களை வாட்டிய குறைகளுள் ஒன்று காகிதத் தட்டுப்பாடு. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் ரீம்கள் போதவில்லை. ஆகவே சிறிய அளவில் புதிய எழுத்துகளை அங்கேயே வார்த்து, ஒரு பக்கத்தில் அதிக வரிகள் அடங்கச் செய்தார்கள். எழுத்தைக் குறுக்கியது அழகுக்காகவன்று. தாளை மிச்சம் பிடிக்கத்தான். அருகிலுள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறை ஒன்றும் தொடங்கினார்கள், அது நிலைக்கவில்லை.

பிரான்சு நாட்டில் எஸ்ஸோன் என்னும் ஊரில் பெரிய காகித ஆலை ஒன்று இருந்தது. பிரெஞ்சுப் புரட்சி அரசு அச்சிட்ட காகிதப் பணத்துக்கு அங்கிருந்து தாள் சென்றது. புகழ்பெற்ற டிடோ என்னும் அச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த சேன் லெழே டிடோ அதன் முதலாளி. நிக்கோலா லூயி ரொபேர் என்பவர் அங்கே தொழிலாளரை மேற்பார்க்கும் பதவியில் இருந்தார். 1761-இல் பாரிஸில் பிறந்த இவர், பீரங்கிப் படையில் சேர்ந்து அமெரிக்கச் சுதந்தரப் போரில் ஆங்கிலேயருக்கு எதிராகச் சண்டையிட்டுத் திரும்பியவர். புரட்சிக் காலமாதலால் தொழிலாளர் வாய் திறந்து பேசத் தொடங்கியிருந்தனர். காகிதத் தொழிலாளரோ முன்பே கட்டுப்பாடான சங்கம் போல ஒன்றுபட்டவர்கள். தொட்டி வேலை தெரிந்தவர் சிலரே. அவர்கள் கையை மடக்கினால் ஆலை நின்றுவிடும். நாள்தோறும் அவர்களோடு மல்லாடிய மேற்பார்வையாளருக்கு, அவர்கள் இல்லாமலேயே காகிதம் செய்ய முடியாதா என்ற எண்ணம் எழுந்தது. தமது விண்ணப்பத்திலும் அவர் இதை மறைக்கவில்லை. வேலையை எளிதாக்குவது, செலவைக் குறைப்பது, அசாதாரண நீளமுள்ள தாளைத் தொழிலாளர் துணையின்றி யந்திரத்தால் செய்வது ஆகியவையே தம் நோக்கங்கள் என்றார். கண்டுபிடிப்பாளர்கள் பெரும்பாலும் மனித குலத்தின் நன்மை என்று பேசுவார்கள். ரொபேர் உள்ளதை உள்ளபடி சொன்னார் என்ற அளவில் அவரைப் பாராட்டத் தோன்றுகிறது.

1799 ஜனவரியில் அவருக்குப் பதினைந்து ஆண்டு உரிமை கிடைத்தது. யந்திரம் பார்வைக்குச் சாதாரணமானதுதான். இரு முனையும் ஒன்றாகத் தைத்த கம்பி வலை ஒன்று, செக்கடி மாடுபோல, போன வழியே திரும்பத் திரும்பச் சுற்றி வரும். தொட்டியிலிருந்து சுழலும் தகடுகள் கூழை அள்ளி அதன்மேல் பரப்பும். வலை முன்னேறும்போது நீர் வடிந்து, கூழ் ஈரத்தாளாகி விடும். சுழற்றியது மனிதக் கைதான். ஆனால் சட்டத்துக்கு நான்கு ஓரங்கள் உண்டு. சுற்றும் வலைக்கு நீளவாட்டில் ஓரமே இல்லை. தாள் என்பதற்கு முதல் முறையாக முடிவில்லாமற் போயிற்று.

ரொபேருக்கு அதனால் வாழ்வு மலரவில்லை. உரிமையை முதலாளி டிடோவுக்கு விற்றார். பேசிய பணம் ஒழுங்காக வரவில்லை. வழக்காடி உரிமையைத் திரும்பப் பெற்றும் பயன் காணவில்லை. கடைசியில் வெர்னூயே என்னும் சிற்றூரில் பள்ளிக்கூடம் வைத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துக் கொண்டிருந்து, 1828-இல் காலமானார்.

யந்திரம் மட்டும் கடல் தாண்டிவிட்டது. டிடோவின் மைத்துனர் ஜான் கேம்பிள் என்னும் ஆங்கிலேயர் 1801-இல் இங்கிலாந்தில் அதற்கு உரிமை பதிவு செய்தார். லண்டனில் காகித வணிகம் செய்த ஹென்றி, சீலி என்ற போர்டிரினியர் சகோதரர் பணம் போட்டனர். பிரையன் டான்கின் என்ற தேர்ந்த யந்திர வல்லுநர் குறைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்து, 1803-இல் ஹெர்ட்போர்டுஷயரின் பிராக்மோர் ஆலையில் யந்திரத்தை ஓடவைத்தார். ஒரு சிறு செய்தி இங்கே குறிப்பிடத் தக்கது. தொட்டித் தொழிலாளி சட்டத்தைக் குலுக்கினார் அல்லவா? அந்தக் குலுக்கலையும் யந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஓடும் வலை பக்கவாட்டில் ஆடிக்கொண்டே செல்லும்படி அமைத்தார்கள். தொழிலாளி தேவையில்லை என்று ஆனபின்பும் அவர் கையின் அசைவு தேவைப்பட்டது. ஆயினும் முன்னோட்டத்தின் வேகம் பக்க ஆட்டத்தை வென்றது. நாம் தொடக்கத்தில் கிழித்துப் பார்த்த நாரோட்டம் அதன் விளைவுதான்.

போர்டிரினியர் சகோதரர் இதில் ஏறத்தாழ 60,000 பவுன் செலவிட்டு, 1810-இல் கடன்பட்டு நொடித்தனர். மற்ற ஆலைக்காரர்கள் அவர்களுடைய யந்திரத்தைக் கொண்டு செல்வம் சேர்த்தார்கள். உரிமைப் பணம் கொடுப்பவர்தாம் அரிதாயினர். ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்ஸாந்தர் இரண்டு யந்திரங்களுக்கு ஆண்டுக்கு 700 பவுன் வீதம் பத்தாண்டுகள் தருவதாக ஒப்புக்கொண்டார். அந்தப் பணமும் வரவில்லை. நெடுநாள் மன்றாடிய பின் 1840-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் 7,000 பவுன் அளித்தது. இன்றும் காகித ஆலைகளில் அந்த வகை யந்திரத்துக்குப் போர்டிரினியர் என்றே பெயர். ரொபேரின் பெயர் யந்திரத்தில் இல்லை. பெயர் கிடைத்தவர்களுக்குப் பணம் இல்லை.

இனி இம்முறையின் உட்பொருளைச் சற்று ஆராய்வோம். வாய்க்காலில் ஒரு மடையைத் திறந்துவிட்டால் நீர் பாய்ந்து சென்று அடுத்த மடையில் முட்டி நிற்கும். அதையும் திறந்தால் அதற்கடுத்ததில் நிற்கும். காகிதத் தொழிலில் நடந்ததும் இதுவே. தாள் உருவாவது ஓட்டமாயிற்று. ஆனால் வந்த ஈரத்தாளை வெட்டிக் கயிற்றில் உலர்த்த வேண்டியிருந்தது. ஓட்டம் அங்கே நின்றது. 1820-இல் தாமஸ் பான்சர் கிராம்ப்டன் என்பவர் நீராவியால் சூடேறிய உருளைகளின்மேல் தாளை ஓடவிட்டு உலர்த்தும் முறைக்கு உரிமை பெற்றார். மாடியும் கயிறும் வெயிலும் வேண்டாதன ஆயின. தோல் பசையில் தோய்க்கும் வேலை அடுத்த தடை. ஜெர்மனியில் மோரிட்ஸ் இல்லிக் என்பவர் படிகாரத்தையும் குங்கிலியப் பிசினையும் கூழிலேயே கலந்துவிடும் வழியை 1807-இல் வெளியிட்டிருந்தார். காலப்போக்கில் ஆலைகள் அதை மேற்கொண்டன. இவ்வாறு ஒரு முனையில் சேறு போன்ற கூழும், மறுமுனையில் சுருட்டத் தயாரான உலர்ந்த தாளும் என்ற நிலை வந்தது.

அப்போது மடை முற்றிலும் எதிர்ப்புறத்தில் அடைபட்டது. யந்திரத்தின் வாய்க்குப் போடக் கந்தல் இல்லை! பிரிட்டனில் 1800-ஆம் ஆண்டளவில் காகித உற்பத்தி ஏறக்குறைய 11,000 டன். 1860-இல் அது ஏறக்குறைய 1,00,000 டன். அதில் கையால் செய்தது 4,000 டன் மட்டுமே. மக்கள் காகிதம் வாங்கும் வேகத்தில் துணியைக் கிழிப்பதில்லையே! லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, கந்தலுக்குப் பதிலாக வேறொரு மூலப்பொருளைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 பவுன் பரிசளிப்பதாக 1854-இல் அறிவித்தது. ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் விளையும் எஸ்பார்ட்டோ புல்லைத் தாமஸ் ரௌட்லெட்ஜ் பயன்படுத்தினார். சாக்ஸனியில் கெல்லர் என்னும் நெசவாளர் 1840-களில் மரத்தை அரைகல்லில் தேய்த்துக் கூழாக்கிக் காட்டினார். பின்பு மரத்தை இரசாயனங்களில் வேகவைக்கும் முறைகள் வந்தன. காடுகள் ஆலைக்கு நடந்தன எனலாம். மறுமுனையிலும் தடை நீங்கியது: 1860-களில் அமெரிக்காவில் வில்லியம் புல்லக் அமைத்த அச்சு யந்திரம், வெட்டாத தாள் சுருளையே விழுங்கி இரு பக்கமும் அச்சிட்டுத் தள்ளியது. காட்டிலிருந்து வாசகர் வீட்டு வாசல் வரை ஒரே ஓட்டம்.

அந்த ஓட்டத்தின் ஓரத்தில் நின்ற மனிதர்கள் என்ன ஆனார்கள்? 1830 நவம்பரில், இங்கிலாந்தின் தென்பகுதி முழுவதும் கூலியாட்கள் கதிரடிக்கும் யந்திரங்களை உடைத்துக்கொண்டிருந்த நாட்களில், பக்கிங்காம்ஷயரில் ஹை விக்கம் ஊரைச் சுற்றியிருந்த காகித ஆலைகளுக்குள் ஒரு கூட்டம் சம்மட்டியும் கடப்பாரையுமாகப் புகுந்தது. பல யந்திரங்கள் நொறுங்கின. அடுத்த ஜனவரியில் ஐல்ஸ்பரியில் விசேஷ நீதிமன்றம் கூடியது. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களின் தண்டனை பின்னர் நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. அவர்கள் கப்பலில் ஆஸ்திரேலியாவின் பக்கம் அனுப்பப்பட்டனர். காகிதம் மலிந்தது; பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகம் கிடைத்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

வேலையில் எஞ்சியவர்களுக்கும் வாழ்க்கை மாறிற்று. தொட்டித் தொழிலாளி தம் வேகத்தில் முக்கினார், களைத்தால் நிறுத்தினார். யந்திரத்தை அவ்வாறு நிறுத்த முடியாது. இன்றைய பெரிய யந்திரங்களில் தாள் நிமிடத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலாக, அதாவது நம் விரைவு ரயில்களின் வேகத்தில், ஓடுகிறது. வலையில் விழும் கூழில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீர். தாள் எங்கேனும் அறுந்தால் சில நொடிகளில் குவியல் குவியலாகக் கழிவு சேரும். நிறுத்தி மறுபடி தொடங்கினால், உருளைகள் சூடேறி, ஓட்டம் சமன்பட்டு, நல்ல தாள் வரும்வரை செய்வதெல்லாம் வீண். ஆகவே இரவு பகல் இல்லை, ஞாயிறு இல்லை, பண்டிகை இல்லை. பிலாயில் எஃகு வார்ப்பவரும், பரோடாவில் எண்ணெய் சுத்திகரிப்பவரும், உர ஆலையில் கருவிகளின் முள்ளைக் கண்காணிப்பவருமாக வெளிமாநிலங்களில் பணிபுரியும் நம்மவர் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீபாவளி இரவில் ஷிப்டுக்குச் செல்லும் கட்டாயம் மேலதிகாரியின் மனத்தில் பிறந்ததன்று. பொருள் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும் என்ற முறையில் பிறந்தது. பண்டிகை இரவில் யாரை அழைப்பது என்பதை மட்டும் இன்னமும் மனிதர்தாம் முடிவு செய்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். காஷ்மீர், கால்பி, அகமதாபாத், தௌலதாபாத், சாங்கானேர் முதலிய இடங்களில் காகஜி என்ற பெயரே பெற்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்து வந்தன. மகாராஷ்டிரத்தில் எல்லோராக் குகைகளைக் காணச் செல்வோர் வழியில் காகஜிபுரா என்ற ஊரைக் கடந்திருக்கலாம். அது இத்தொழிலால் பெயர் பெற்றதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்திறங்கிய யந்திரக் காகிதத்தின் விலைக்கு இவர்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. பிறகு இங்கேயே யந்திரங்கள் நிறுவப்பட்டன. ஹூக்ளி நதிக்கரையில் டிட்டாகர் ஆலை 1882-இல் தோன்றியது. வங்காள ஆலைகள் சபாய் என்னும் புல்லை நம்பி ஓடின. அது போதாமற் போகவே, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் மூங்கிலைக் கூழாக்கும் ஆய்வு நடந்தது. மூங்கில் காகிதத் தொழிலைப் பாதுகாக்க 1925-இல் தனிச் சட்டமே வந்தது. மறுபடியும் அதே மடைக் கதைதான்.

இந்த ஓட்டத்தைக் கண்டு வியப்பதற்கு மாறாக, அதை நிறுத்திக் கேள்வி கேட்டவர்களுள் நம்மவர் ஒருவர் உண்டு. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, கணக்காய்வாளராகப் பம்பாயில் பெயர் பெற்றவர்; 1934-இல் காந்தியடிகள் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றார். அந்தச் சங்கம் கைக்காகிதத்தை முக்கியமான தொழில்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. தன் நூல்களைக் கைக்காகிதத்திலேயே அச்சிட்டது. ஆலை தன் பசிக்குக் காட்டை உண்கிறது, கைத்தொழிலோ வீணாகும் கந்தலையும் வைக்கோலையும் கொண்டு கிராமத்தில் பல கைகளுக்கு வேலை தருகிறது என்பது அவ்வழியினரின் வாதம். நாட்டின் பாடப் புத்தகத் தேவையனைத்தையும் தொட்டியில் முக்கி எடுக்க முடியாது என்று இதற்கு விடை சொல்லலாம். அந்த விடை சரியானதே என்று நானும் கருதுகிறேன். ஆனால் காட்டைப் பற்றிய அவர்களுடைய கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. அரசின் செய்தித்தாள் காகித ஆலை மத்தியப் பிரதேசத்தில் நேபாநகரில் 1955-இல் உற்பத்தியைத் தொடங்கியது. காட்டு மரத்தையும் மூங்கிலையும் நம்பியே அது அங்கு அமைக்கப்பட்டது. 1979-இல் தமிழ்நாடு அரசு நிறுவிய ஆலையோ, கரூர்ப் பக்கத்தில் காகிதபுரம் என்றே பெயரிட்ட ஊரில், கரும்புச் சக்கையை மூலப்பொருளாகக் கொண்டது. சர்க்கரை ஆலைகள் சக்கையை எரித்து நீராவி எடுத்து வந்தன. சக்கையைத் தந்தால் நீராவிக்கு வேறு வழி செய்து தருகிறோம் என்று அவற்றோடு ஏற்பாடு செய்துகொண்டே அந்த ஆலை தன் ஓட்டத்துக்கு இரை தேடியது.

இன்னும் ஒன்று. படிகாரமும் குங்கிலியப் பிசினும் கூழில் சேர்த்ததால் ஓட்டம் தடைபடாமற் சென்றது என்றோம். அந்தப் படிகாரம் காகிதத்தில் தங்கி, நாளடைவில் புளிப்பை உண்டாக்கி நார்களை அறுத்துவிடுகிறது. அரைத்த மரக்கூழ் சேர்ந்த தாளோ வெளிச்சம் பட்டாலே பழுக்கிறது. ஓலைச் சுவடிகளில் கிடந்த நம் இலக்கியங்கள் அச்சேறிய பொற்காலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியும் ஆகும். மலிவான யந்திரக் காகிதம் இல்லாவிடில் அவ்வளவு நூல்கள் அவ்வளவு விரைவில் வெளிவந்திரா. அதே காகிதத்தால்தான் அவற்றுட் பல இன்று தொட்டால் அப்பளமாக நொறுங்குகின்றன. சென்னையில் 1994-இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தார் அத்தகைய நூல்களையும் இதழ்களையும் ஏடு ஏடாகப் படமெடுத்துக் காத்து வருகிறார்கள். தங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் இருக்குமானால், அவற்றை வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில், நிமிர்த்தி வைக்காமல் படுக்க வைத்துக் காப்பது நலம். தரங்கம்பாடிப் பாதிரிமார்கள் எழுத்தைக் குறுக்கி மிச்சம் பிடித்து அச்சிட்ட தமிழ் நூல்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக் காப்பகத்தில் இருக்கின்றன. அவை கந்தலிலிருந்து ஒவ்வொரு தாளாகக் கையால் முக்கி எடுத்த காகிதம்.